மயங்க வைக்கும் ஆங்கிலச் சொற்கள்: ஒரு கடைக்காரனின் அனுபவம்

மலர்க் குழு அன்பர்கள் இவ்வாண்டும் ஒரு கட்டுரை கேட்டார்கள். வழக்கம்போல் நிகண்டு பற்றியோ நன்னூல் பற்றியோ எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். இம்முறை ஆங்கிலச் சொற்களைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவன், வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து 1979இல் பம்பாய்க்கு ரயிலேறியவன், காகிதமும் பேனாவும் விற்றே காலம் கழித்தவன். இவனுக்கு எதற்கு இங்கிலீஷ் என்று தோன்றியிருக்கலாம். நியாயம்தான். ஆனால் ஆங்கிலத்தைப் பள்ளியில் நன்றாகப் படித்தவர்களுக்கு அது எங்கே வழுக்கும் என்று தெரியாது. வழுக்கி விழுந்தவனுக்குத் தெரியும். அந்தத் தகுதியில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

இக்கட்டுரையில் ஆங்கிலச் சொற்களையும் தமிழெழுத்திலேயே எழுதியிருக்கிறேன். அப்படி எழுதிப் பார்த்தால்தான் நாம் எங்கே மயங்குகிறோம் என்பது பளிச்சென்று தெரிகிறது.

என் கடைப் பலகை

1984இல் புறநகரில் சொந்தமாகச் சின்னக் கடை போட்டேன். அப்துல் ரஹ்மான் தெரு மொத்தக் கடைகளில் சரக்கெடுத்து வந்து விற்பேன். பெயிண்டரைக் கூப்பிட்டு 'பேப்பர் அண்டு ஸ்டேஷனரி' என்று பெரிய எழுத்தில் பலகை எழுதச் சொன்னேன். அவரும் எழுதினார். மூன்று வருஷம் பலகை ஜம்மென்று தொங்கியது.

ஒருநாள் ஓய்வுபெற்ற மராத்தி ஆசிரியை ஒருவர் நோட்டு வாங்க வந்தார். பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அண்ணா, உங்கள் கடை எங்கேயும் ஓடிப் போகாதில்லையா?" என்று சிரித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அவரே விளக்கினார். அந்தச் சொல்லின் கடைசிப் பகுதியில் 'ஏ' போட்டு எழுதினால் 'நின்ற இடத்திலேயே நிற்பது' என்று பொருள். 'இ' போட்டு எழுதினால்தான் காகிதம், பேனா, மை முதலான எழுதுபொருள். என் பலகை 'காகிதமும், அசையாமல் நிற்பதும்' விற்பதாக அறிவித்துக்கொண்டிருந்தது!

நினைவில் வைக்க அந்த அம்மையார் ஒரு வழியும் சொன்னார். பேப்பர் என்ற சொல் 'இ, ஆர்' என்று முடிகிறது. பேப்பர் விற்கும் கடைக்கும் அதே 'இ'. அன்று கற்றது இன்றுவரை மறக்கவில்லை.

பின்னாளில் அகராதி பார்த்தபோது வேடிக்கையான ஒரு செய்தி தெரிந்தது. இரண்டு சொல்லும் ஒரே வேரில் பிறந்தவைதாம். நடுக்கால ஐரோப்பாவில் வியாபாரிகளில் பெரும்பாலோர் ஊர் ஊராகச் சுமந்து திரிந்து விற்றவர்கள். பல்கலைக்கழகங்களை ஒட்டி ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்து நூல் விற்றவரை 'நிலையாக இருப்பவர்' என்ற பொருளில் 'ஸ்டேஷனர்' என்றார்கள். அவர் விற்ற சரக்கு ஸ்டேஷனரி ஆயிற்று. லண்டனில் இவர்களுடைய சங்கம் 1403இல் தோன்றி, 1557இல் அரச சாசனம் பெற்றது. ஆக என் பலகை அடியோடு தப்பில்லை, ஒரு அறுநூறு வருஷம் பின்தங்கியிருந்தது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

ஒலி ஒன்று, எழுத்து வேறு

இது முதல் வகை மயக்கம். ஆங்கிலேயர்களே தடுமாறும் இடம், ஆகவே நாம் வெட்கப்பட வேண்டியதில்லை.

'பிரின்ஸிபல்' என்ற ஒலிக்கு இரண்டு சொற்கள். 'பி, ஏ, எல்' என்று முடிவது ஒன்று, 'பி, எல், இ' என்று முடிவது மற்றொன்று. முதலாவதற்குக் கல்லூரித் தலைவர் என்றும் பொருள், வட்டிக்கு விட்ட அசல் தொகை என்றும் பொருள். இரண்டாவது கொள்கை, நெறி, அடிப்படை விதி.

கல்லூரித் தலைவருக்கும் அசலுக்கும் என்ன சம்பந்தம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். தமிழைக் கொண்டு பதில் சொல்லுங்கள். அவரை நாம் கல்லூரி 'முதல்வர்' என்கிறோம். வியாபாரத்தில் போட்ட பணத்தை 'முதல்' என்கிறோம். இரண்டிலும் முதன்மை என்ற கருத்து இருக்கிறது. லத்தீனிலும் அந்தச் சொல்லுக்கு 'முதலாவது' என்றுதான் வேர்ப்பொருள். தமிழில் 'முதல்' என்று வரக்கூடிய இடமானால் 'ஏ' போடுங்கள். 'நெறி' என்று வரும் இடமானால் 'இ'யில் முடியுங்கள். இதைவிட எளிய வழி எந்த ஆங்கில இலக்கணப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

'காம்ப்ளிமென்ட்' என்பதும் இப்படித்தான். நடுவில் 'ஐ' இருந்தால் பாராட்டு. மரியாதைக்காக இலவசமாகத் தரும் பிரதிக்கும் அதே 'ஐ'தான். 'இ' இருந்தால் ஒன்றை நிறைவாக்கும் துணைப்பொருள். 'கம்ப்ளீட்' என்ற சொல்லில் 'எல்'லுக்கு அடுத்து 'இ' வருவதை நினைத்துக்கொண்டால் போதும். வண்டியை நிறுத்தும் 'பிரேக்'கில் 'ஏ, கே, இ' என்ற வரிசை. உடைப்பதும், வேலைக்கு நடுவே ஓய்வதும் ஆகிய 'பிரேக்'கில் 'இ, ஏ, கே' என்ற வரிசை.

தமிழெழுத்தில் ஒன்றாகிப் போவன

இரண்டாம் வகை நமக்கே உரியது. ஆங்கிலேயருக்கு இங்கே குழப்பமே கிடையாது.

தமிழில் வல்லின எழுத்து ஒன்றே இடத்திற்கேற்ப இரண்டு மூன்று விதமாக ஒலிக்கும். 'பல்' என்பதில் வரும் பகரமும் 'கம்பு' என்பதில் வரும் பகரமும் ஒலியில் வேறு, எழுத்தில் ஒன்று. எங்கே எப்படி ஒலிக்க வேண்டும் என்பது தமிழ் பேசுகிறவர் வாய்க்குத் தானே தெரியும். தமிழுக்கு இது குறையல்ல, சிக்கனம். ஆனால் ஆங்கிலச் சொல் இந்த எழுத்துக்குள் வந்து விழும்போது இரண்டு சொல் ஒன்றாகிவிடுகிறது.

என் கடையில் சரக்குக் குறிப்பைத் தமிழில்தான் எழுதுவோம். ஒரு ஜூன் மாதம், பள்ளி திறக்கும் நேரம். 'பேக் 20' என்று எழுதிவிட்டு நான் வெளியே போய்விட்டேன். நான் நினைத்தது பள்ளிக்கூடப் பை. கடைப் பையன் புரிந்துகொண்டது கட்டு. சாயங்காலம் வந்து பார்த்தால் வாசலில் இருபது கட்டுப் பேனா நிற்கிறது. பையைக் கேட்டு வந்த வாடிக்கையாளர்கள் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். பையன் மேல் தப்பில்லை. 'கேப்' என்று எழுதினால் பேனா மூடியா, வாடகைக் காரா, இடைவெளியா என்று யாரால் சொல்ல முடியும்?

ஆங்கில எழுத்தின் பெயரைச் சொல்லித் தெளிவாக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. இரண்டு எழுத்துக்கும் தமிழில் 'பி' என்றுதான் எழுத வேண்டும். அதனால்தான் டெலிபோனில் 'பேப்பர் பி', 'பம்பாய் பி' என்று கத்திக்கொண்டிருந்தோம். ஊர் 1995இல் மும்பை ஆன பிறகும் அந்த எழுத்துக்கு நான் பம்பாயைத்தான் கூப்பிடுகிறேன்.

'பிரைஸ்' என்ற சொல்லையும் பாருங்கள். 'சி' போட்டால் விலை, 'இஸட்' போட்டால் பரிசு. ஒலியிலும் வேறுபாடு உண்டு. பரிசில் கடைசி ஒலி வண்டு ரீங்காரம் போல அதிரும், விலையில் பாம்பு சீறுவது போல வரும். இவையும் உடன்பிறப்புகளே, விலை என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல்லின் வழி வந்தவை.

'லூஸ்' இன்னொன்று. ஒரு 'ஓ' போட்டால் இழப்பது, இரண்டு 'ஓ' போட்டால் தொளதொளவென்று இருப்பது. ஒரு 'ஓ'வை இழந்த சொல்தான் 'இழத்தல்' என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது அவர்கள் என் வாட்ஸ்அப் செய்தியைத் திருத்துகிறார்கள்.

பெயரும் வினையும்

மூன்றாம் வகையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'அட்வைஸ்' என்பதில் 'சி' போட்டால் அறிவுரை என்ற பெயர்ச்சொல், 'எஸ்' போட்டால் அறிவுரை கூறு என்ற வினைச்சொல். 'சி' போட்ட சொல்லின் கடைசி மூன்றெழுத்தைப் பிரித்துப் பாருங்கள், 'ஐஸ்' என்று வரும். ஐஸ் என்பது ஒரு பொருள், ஆகவே பெயர்ச்சொல். 'பிராக்டிஸ்' என்பதற்கும் இதே வழி செல்லும். ஆனால் அமெரிக்கர்கள் இதில் பெயருக்கும் வினைக்கும் 'சி'தான் போடுவார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

'அஃபெக்ட்', 'எஃபெக்ட்' இரண்டும் கடிதம் எழுதுகிறவர்களைப் படுத்தி எடுப்பவை. முன்னது பெரும்பாலும் வினை, பாதித்தல். பின்னது பெரும்பாலும் பெயர், விளைவு. மழை வியாபாரத்தை 'அஃபெக்ட்' செய்தது, அதன் 'எஃபெக்ட்' நஷ்டம். ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். பின்னதே வினையாகவும் வரும், அப்போது 'செய்து முடி' என்று பொருள். பணம் செலுத்தியாயிற்று என்று எழுதும்போது 'எஃபெக்ட்' போடுவது அதனால்தான்.

தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் இரண்டு

நான்காம் வகைதான் எனக்கு மிகப் பிடித்தது. இங்கே எழுத்திலும் ஒலியிலும் ஒற்றுமையே இல்லை. ஆனாலும் மயங்குகிறோம். காரணம் நம் தாய்மொழியில் இருக்கிறது.

என் பாட்டனார் திண்ணைப் பள்ளியில் மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டை மனப்பாடம் செய்தவர். அதில் பன்னிரண்டு தொகுதிகள். பதினோராவது தொகுதி முழுவதும் ஒரு சொல்லுக்குள்ள பல பொருள்களை அடுக்குவது. ஒரே சொல் எத்தனை வேலை பார்க்கிறது என்று கணக்கெடுக்கும் பழக்கம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

'கேள்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். சத்தம் கேட்டது, பாட்டுக் கேட்டேன், விலை கேட்டேன். தமிழில் மூன்றும் கேட்டல்தான். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் மூன்று சொல். தானாகக் காதில் விழுவது 'ஹியர்'. மனம் வைத்துக் கேட்பது 'லிஸன்'. வினவுவது 'ஆஸ்க்'. தமிழில் இந்த வேறுபாடு இல்லை என்று சொல்லிவிட முடியாது. செவிசாய்த்தல் என்றும் வினவுதல் என்றும் சொற்கள் இருக்கின்றன. பேச்சில் அவற்றைப் பயன்படுத்துவதில்லை, அவ்வளவுதான்.

'பார்' என்பதும் இப்படியே. கண்ணில் பட்டது 'ஸீ', கண்ணைத் திருப்பிப் பார்ப்பது 'லுக்', தொடர்ந்து கவனிப்பது 'வாட்ச்'. 'கை' என்றால் தோள் முதல் விரல் நுனிவரை நமக்குக் கை. ஆங்கிலத்தில் மணிக்கட்டுக்கு மேலே 'ஆர்ம்', கீழே 'ஹேண்ட்'. காலிலும் 'லெக்', 'ஃபுட்' என்று பிரிவினை. டாக்டரிடம் போகும்போது இது முக்கியம்.

'சந்தேகம் கேட்டேன்' என்பதை அப்படியே பெயர்த்து 'டவுட்' கேட்டதாகச் சொல்கிறோம். நமக்குள் புரியும். வெளிநாட்டாரிடம் சொன்னால், அவர் சொன்னதை நாம் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்வார். அவரிடம் 'கொஸ்சின்' என்று சொல்வதே நல்லது.

கடன் விஷயத்தில் நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். கடை தொடங்கிய புதிதில் மொத்த வியாபாரி ஒருவருக்கு, பத்து ரீம் காகிதம் கடனாகத் தரும்படி ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். 'லென்ட்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பாரோ' என்று எழுதிவிட்டேன். மறுநாள் போன் வந்தது. "நீ கேட்கிறாயா, கொடுக்கிறாயா?" என்றார். பக்கத்தில் யாரோ சிரிப்பதும் கேட்டது. 'லென்ட்' என்றால் கை விட்டுப் போவது, 'பாரோ' என்றால் கைக்கு வருவது. 'கடன்' என்ற ஒரே சொல்லோடு 'கொடு', 'வாங்கு' என்று சேர்த்துப் பழகிய எனக்கு இந்தத் திசை பிடிபடவில்லை.

இத்தனைக்கும் கொடுக்கல் வாங்கலில் நுணுக்கம் பார்த்தவர்கள் தமிழ் இலக்கணக்காரர்கள். தொல்காப்பியமும் பின்னர் நன்னூலும் 'ஈ', 'தா', 'கொடு' மூன்றையும் பிரித்துச் சொல்கின்றன. தன்னைவிட உயர்ந்தவரிடம் கேட்பவர் 'ஈ' என்பார், சமமானவரிடம் 'தா' என்பார், தாழ்ந்தவரிடம் 'கொடு' என்பார். இவ்வளவு கூர்மையாகச் சொல்லைப் பார்த்தவர் வழியில் வந்த நமக்கு 'லென்ட்', 'பாரோ' ஒரு பெரிய காரியமா?

ஒரு சொல் சுட்டது

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. இது அப்படியல்ல.

1988, மழைக்காலம். கடைக்குப் பின்னால் சிறிய கிடங்கு. காகிதக் கட்டுகளோடு சைக்ளோஸ்டைல் மெஷினைத் துடைக்கும் ஸ்பிரிட் டின்களும் வைத்திருந்தேன். ஊரிலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் என்னிடம் வேலை செய்தான். டின்னில் சிவப்பு எழுத்தில் ஏதோ எழுதியிருந்ததைக் காட்டி, "அண்ணே, இது என்னான்னு போட்டிருக்கு?" என்று கேட்டான். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'இன்ஃப்ளேமபிள்'. எனக்குத் தெரிந்த இலக்கணப்படி 'கம்ப்ளீட்' என்றால் முழுமை, 'இன்கம்ப்ளீட்' என்றால் முழுமையற்றது. ஆகவே 'இன்' என்றால் இல்லை. "தீப்பிடிக்காதுன்னு போட்டிருக்கு" என்றேன்.

பத்து நாள் கழித்து ஒரு மாலை ஃபியூஸ் போய்விட்டது. பையன் மெழுகுவத்தியோடு கிடங்குக்குள் போய், அதை டின்களுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுச் சரக்கெடுத்தான். ஒரு டின்னில் மூடி சரியாக இல்லை. மிச்சத்தை எழுத வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தார் ஓடி வந்து மண்ணைக் கொட்டி அணைத்தார்கள். கருகிய காகிதத்துக்குக் கணக்குப் போட்டு ஈடுகட்டிவிட்டேன். அவன் வலக்கையில் ஏற்பட்ட தழும்புக்கு என்னிடம் கணக்கு இல்லை. ஆஸ்பத்திரியில் அவன் என்னைக் குறை சொல்லவே இல்லை. "நீங்கதானே அண்ணே படிச்சுச் சொன்னீங்க" என்று மட்டும் சொன்னான்.

அந்தச் சொல்லுக்கு 'எளிதில் தீப்பற்றக்கூடியது' என்று பொருள். ஆங்கிலத்தில் 'இன்' இரண்டு. ஒன்று 'இல்லை' என்பது. மற்றொன்று 'உள்ளே' என்பது, தீ உள்ளே பற்றுவது. தமிழிலும் 'அநீதி' என்பதில் வரும் அகரம் மறுப்பது, 'அவ்வீடு' என்பதில் வரும் அகரம் சுட்டுவது. இதில் நாம் குழம்புகிறோமா? மாட்டோம். வேற்றுமொழியில் அதே போல் இருப்பதைத்தான் எனக்குச் சொல்ல ஆளில்லை.

இந்தச் சொல் ஆங்கிலேயரையும் ஏமாற்றும் என்பதால், அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களிலேயே 'இன்' இல்லாமல் 'ஃப்ளேமபிள்' என்று மட்டும் எழுதுமாறு வலியுறுத்தத் தொடங்கியது. இரண்டும் ஒரே பொருள்தான். தீப்பிடிக்காதது என்றால் 'நான் ஃப்ளேமபிள்' என்று இருக்கும். வீட்டில் தின்னர், ஸ்ப்ரே, கொசு மருந்து டப்பா இருந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். 'இன்வேல்யூபிள்' என்பதையும் கூடவே சொல்லுங்கள். அது மதிப்பில்லாதது அல்ல, விலை மதிக்க முடியாதது.

அந்த வாரம்தான் ஃப்ளோரா ஃபவுண்டன் நடைபாதையில் ஒரு பழைய அகராதி வாங்கினேன். இன்றும் தினம் ஒரு பக்கம் படிக்கிறேன்.

ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் இரண்டு

கடைசியாக, நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு முக்கியமான ஒன்று. மேலே சொன்ன மயக்கம் எதிர்த்திசையிலும் நடக்கிறது. இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழில் பேசுகிறார்கள். ஆகவே ஆங்கிலத்தில் ஒன்றாக இருப்பது தமிழில் அவர்களை மயக்குகிறது.

'வீ' என்ற ஒரு சொல்லுக்குத் தமிழில் 'நாம்', 'நாங்கள்' என்று இரண்டு. கேட்பவரையும் சேர்த்தால் நாம், விலக்கினால் நாங்கள். என் பேத்தி ஒருமுறை வீட்டுக்கு வந்த உறவினரிடம், "நாங்க எல்லாம் சேர்ந்து சாப்பிடப் போறோம்" என்றாள். சேர்த்துக் கூப்பிடத்தான் நினைத்தாள், வந்தவரோ முகம் சுண்டிப் போனார். அவளுக்கு நான் தமிழ் இலக்கணத்தைச் சொல்லவில்லை. பள்ளியில் படிக்கும் மராத்தியைச் சொன்னேன். அதில் 'ஆபண்' என்றால் நாம், 'ஆம்ஹி' என்றால் நாங்கள். "அட, அதுவா தாத்தா!" என்று உடனே பிடித்துக்கொண்டாள். 'பிரதர்' என்பதை அண்ணன், தம்பி என்றும், 'அங்கிள்' என்பதை மாமா, சித்தப்பா, பெரியப்பா என்றும் பிரிப்பதும் இப்படிச் சொல்லிக் கொடுக்க வேண்டியவையே.

செய்யக்கூடியது

வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். பக்கத்துக்கு மூன்று கட்டம். முதல் கட்டத்தில் மயங்கிய சொல், இரண்டாவதில் தமிழில் அதன் பொருள், மூன்றாவதில் ஏன் மயங்கினோம் என்ற காரணம். காரணம் எழுதுவதுதான் முக்கியம். அது தெரிந்தால் அதே வகையில் வரும் அடுத்த சொல்லில் நாமே உஷாராகிவிடுவோம். அப்பா அம்மாவின் ஆங்கிலத் தவறைப் பிள்ளை எழுதட்டும், பிள்ளையின் தமிழ்த் தவறைத் தாத்தா பாட்டி எழுதட்டும். ஒரே ஒரு நிபந்தனை, யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கக் கூடாது. சிரிப்புக்குப் பயந்தவன் தெரியாததைக் கேட்க மாட்டான். தெரிந்தது போல் படித்துச் சொல்லிவிடுவான். நான் செய்தது அதுதான்.

அந்தப் பையன் இப்போது செய்யாறு பக்கம் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான், பேரன் எடுத்துவிட்டான். ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். என் கடையில் இன்றும் தின்னர் டின் வந்தால், அதில் எந்த மொழியில் என்ன அச்சடித்திருந்தாலும், தமிழ், இந்தி, மராத்தி மூன்றிலும் 'தீப்பிடிக்கும்' என்று என் கையால் எழுதி ஒட்டிய பிறகுதான் அலமாரியில் ஏற்றுவேன்.